எறும்பு திட்டை ஏறுவதும் மழை பெய்வதும்: கரியமில வாயு பற்றிய வாசகர் கேள்விகள்

கார்பன் உமிழ்வுக்கும் புவியின் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் சோதனைகளால் நிறுவ முடியுமா என்று பல வாசகர்கள் தொடர்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றுக்கு எழுதும் பதில் இன்னொன்றுக்கும் தேவைப்படுவதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (மதுரையிலிருந்து முதுகலைப் பொருளியல் மாணவி ஒருவர்): ஆய்வேட்டுக்காக 1960 முதலான ஆண்டுத் தரவுகளை வைத்துக் கிரேஞ்சர் காரணச் சோதனை செய்தேன். கார்பன் உமிழ்வு வெப்பநிலைக்குக் காரணம் என்ற முடிவு வரவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவின் ஆண்டு உயர்வை எடுத்துப் பார்த்தபோதோ, வெப்பநிலைதான் அதற்குக் காரணம் என்று தலைகீழாக வந்தது. என் நெறியாளர் முடிவை வந்தபடியே எழுதச் சொல்கிறார். எழுதலாமா?

பதில்: எண்களை வந்தபடியே எழுதுங்கள். அவற்றின் பொருளை எழுதும்போதுதான் நிதானம் வேண்டும்.

கிளைவ் கிரேஞ்சர் 1969-இல் முன்வைத்த இந்தச் சோதனை கேட்கும் கேள்வி மிகக் குறுகியது. வெப்பநிலையின் கடந்தகால எண்களை மட்டும் கொண்டு இந்த ஆண்டின் வெப்பநிலையை ஓரளவு கணிக்கலாம். அவற்றோடு உமிழ்வின் கடந்தகால எண்களையும் சேர்த்துக்கொண்டால் கணிப்பின் பிழை குறிப்பிடத்தக்க அளவு குறைகிறதா என்பதே கேள்வி. குறைந்தால், உமிழ்வு வெப்பநிலைக்குக் ‘கிரேஞ்சர் பொருளில்’ காரணம் என்று சொல்கிறோம். பெயரில் ‘காரணம்’ என்ற சொல் இருக்கிறது. உள்ளே இருப்பது முன்கணிப்பு. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். எறும்பின் நடமாட்டத்தையும் மழையளவையும் நாள்தோறும் குறித்துவைத்து இந்தச் சோதனையைச் செய்தால், எறும்பே மழைக்குக் காரணம் என்று அது கூறக்கூடும். உண்மையில் காற்றின் ஈரப்பதம் கூடியதை எறும்பு முன்பே உணர்ந்துகொள்கிறது, மழை பிறகு வருகிறது, அவ்வளவுதான். கிரேஞ்சரும் இந்த வரம்பை அறிந்தே எழுதினார்; வரையறையில் ‘கிடைக்கக்கூடிய எல்லாத் தகவல்களையும் கணக்கில் கொண்ட பிறகு’ என்ற நிபந்தனை இருக்கிறது. இரண்டே தொடர்களை மென்பொருளில் இட்டுப் பொத்தானை அழுத்தும்போது அந்த நிபந்தனை காணாமல் போய்விடுகிறது.

இனி உங்கள் முதல் முடிவுக்கு வருகிறேன். உமிழ்வு என்பது ஏரிக்குள் வரும் நீர்வரத்து; காற்றில் தங்கியிருக்கும் கரியமில வாயு ஏரியின் நீர்மட்டம். பூமியைச் சூடாக்குவது நீர்மட்டமே அன்றி அந்த ஆண்டின் வரத்து அன்று. ஓராண்டின் உமிழ்வையும் அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளின் வெப்பநிலையையும் நேருக்கு நேர் வைத்தால் தொடர்பு தெரியாமல் போவதில் வியப்பில்லை. இயற்பியல் கூறுவது வெப்பநிலைக்கும் அதுவரையிலான உமிழ்வுகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள தொடர்பைப் பற்றித்தான். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை, ஒவ்வொரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவுக்கும் சுமார் 0.45 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடுகிறது என்று மதிப்பிடுகிறது. நீங்கள் சோதித்தது அந்தக் கூற்றை அன்று.

அதைவிட நுட்பமான பிழை ஒன்றும் நேர்ந்திருக்க வேண்டும். தொடர்கள் நிலைத்தவையாக இல்லை, அதாவது அவற்றின் சராசரி காலப்போக்கில் மாறிக்கொண்டே போகிறது என்பதால், ஒவ்வோர் ஆண்டின் எண்ணிலிருந்தும் முந்தைய ஆண்டின் எண்ணைக் கழித்து இரண்டுக்கும் ஆண்டுக்காண்டு வித்தியாசம் எடுத்திருப்பீர்கள். பாடநூல் சொல்வதும் அதைத்தான். ஆனால் அப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். 1970-களிலிருந்து பூமி பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.2 டிகிரி வீதம், அதாவது ஆண்டுக்கு 0.02 டிகிரி வீதம் சூடாகி வருகிறது. பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி சில ஆண்டுகளுக்கொருமுறை வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்து போகும்போது ஒரே ஆண்டில் 0.1 அல்லது 0.2 டிகிரி மேலோ கீழோ போகிறது. வித்தியாசம் எடுத்தவுடன் நீண்டகால ஏற்றமாக இருந்த அந்த 0.02 டிகிரி ஏறக்குறைய ஒரு நிலையெண்ணாகச் சுருங்கி, சமன்பாட்டின் மாறிலிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. எஞ்சியிருப்பது எல் நினோவின் ஏற்ற இறக்கம் மட்டுமே. எந்தப் பொருளைத் தேடுகிறோமோ அதை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட்டு, வீட்டுக்குள் அது இல்லை என்கிறோம்.

உங்கள் இரண்டாவது முடிவின் விளக்கமும் இங்கேயே கிடைக்கிறது. எல் நினோ ஆண்டுகளில் வெப்பமண்டல நாடுகளில் வறட்சி ஏற்படுகிறது, காடுகள் வழக்கமான அளவு கரியமில வாயுவை உறிஞ்சுவதில்லை, சில இடங்களில் எரிந்தும் போகின்றன. 1997-98-இல் இந்தோனேசியாவில் அப்படித்தான் எரிந்தன. அதே ஆண்டுகளில் பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஆழ்நீர் மேலெழுவது குறைவதால் கடல் வெளியிடும் வாயு உண்மையில் சற்றுக் குறைகிறது என்றாலும், நிலத்தின் இழப்பு அதை மிஞ்சிவிடுகிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா நிலையத்தின் அளவீட்டில் கரியமில வாயு 1998-இல் பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய 3 பங்கு உயர்ந்தது. பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்துப் பூமி குளிர்ந்திருந்த 1992-இல் உயர்வு ஒரு பங்குக்கும் குறைவு. எனவே ஆண்டுக்காண்டு அலைவைப் பொறுத்தவரை வெப்பநிலை முன்னே செல்கிறது, வாயுவின் உயர்வு பின்னே வருகிறது என்ற உங்கள் முடிவு மெய்யே. 2013-இல் நார்வேயின் ஓலே ஹும்லும் உள்ளிட்ட மூவரும் இதையே கண்டார்கள், ஏறத்தாழ 9 முதல் 12 மாதப் பின்தங்கலுடன். அவர்கள் அதிலிருந்து நீண்டகால உயர்வுக்கும் மனித உமிழ்வு பெரிய காரணமன்று என்ற பக்கம் சாய்ந்ததுதான் தவறு. வித்தியாசம் எடுத்த தொடர், அலைவைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்ல முடியும். ஏற்றத்தைப் பற்றிச் சாட்சி சொல்லும் தகுதி அதற்கு இல்லை.

ஆய்வேட்டில் மூன்று மாற்றங்கள் செய்யப் பரிந்துரைக்கிறேன். உமிழ்வுக்குப் பதிலாக வாயுச் செறிவின் மடக்கையைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் அதன் வெப்ப விளைவு மடக்கை வழியில்தான் கூடுகிறது. எரிமலைத் தூசு, சூரிய ஆற்றல், எல் நினோ குறியெண் ஆகியவற்றையும் சமன்பாட்டில் சேருங்கள். வித்தியாசம் எடுப்பதற்கு மாற்றாக, டோடாவும் யமமோட்டோவும் 1995-இல் தந்த முறையைப் பின்பற்றுங்கள். அதில் தொடர்களை அவற்றின் மூல அளவிலேயே வைத்துச் சோதிக்க இயலும்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): கரியமில வாயு, வெப்பநிலை ஆகிய இரண்டின் வரைபடங்களும் சேர்ந்தே ஏறுகின்றன. ஒட்டுறவுக் கெழு 0.9-க்கு மேல் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

பதில்: நிறைய வேண்டும். ஒட்டுறவுக் கெழு என்பது இரண்டு தொடர்கள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு; அதன் உச்சம் 1. 1926-இல் பிரிட்டன் புள்ளியியலாளர் உட்னி யூல் ஒரு கணக்கைக் காட்டினார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் நடந்த திருமணங்களில் இங்கிலாந்துத் திருச்சபையில் நடந்தவற்றின் பங்கும் நாட்டின் இறப்பு விகிதமும் கொண்ட ஒட்டுறவுக் கெழு 0.95. இரண்டும் அந்தக் காலத்தில் சீராகக் குறைந்து வந்தன, வேறு உறவே இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை எண்ணால் எழுதினால் இப்படித்தான் இருக்கும். 1974-இல் கிரேஞ்சரும் பால் நியூபோல்டும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத, தாறுமாறாக நடைபோடும் தொடர்களைக் கணினியில் உருவாக்கிச் சோதித்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று தடவை ‘குறிப்பிடத்தக்க தொடர்பு உண்டு’ என்றே வழக்கமான சோதனை கூறியது. கரியமில வாயுவைப் பற்றிய தங்கள் முடிவு சரியானது. ஆனால் அதற்குத் தாங்கள் தரும் சான்று, பொய்யான முடிவுக்கும் அதே அளவு துணை நிற்கும். நல்ல முடிவுக்கு நலிந்த சான்றைக் காட்டினால், எதிர்ப்பவர் சான்றை முறித்துவிட்டு முடிவையே முறித்ததாகச் சொல்லிக்கொள்வார். அது எனக்குக் கவலை தருகிறது.

கேள்வி (சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்): அப்படியானால் இந்தச் சோதனைகளை முறையாகச் செய்தவர்கள் யாரேனும் உண்டா? அவர்கள் கண்டது என்ன?

பதில்: உண்டு. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, ராபர்ட் காஃப்மனும் டேவிட் ஸ்டெர்னும் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை. கரியமில வாயுவை நேரடியாக எடுத்துக்கொள்ளாமல், அவர்கள் பூமியின் இரண்டு பாதிகளின் வெப்பநிலைத் தொடர்களை எதிரெதிரே வைத்தார்கள். தென் அரைக்கோளத்தின் கடந்தகால வெப்பநிலை வட அரைக்கோளத்தின் இன்றைய வெப்பநிலையைக் கணிக்க உதவியது. வடக்கு தெற்கைக் கணிக்க உதவவில்லை. தெற்கின் வெப்பம் வடக்கை நோக்கிப் பயணம் செய்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. பசுங்குடில் வாயுக்கள் நீண்ட காலம் காற்றில் தங்கி உலகம் முழுதும் கலந்துவிடுபவை. தொழிற்சாலைப் புகையின் கந்தகத் துகள்களோ சில நாட்களிலேயே மழையோடு கீழே இறங்கிவிடுபவை, எனவே அவை உமிழப்பட்ட வட பாதியிலேயே தேங்கி அங்கே வெயிலைத் தடுத்துக் குளிர்விக்கின்றன. பசுங்குடில் வாயுவின் விளைவு தெற்கில் அதிக மறைப்பின்றித் தெரிகிறது, வடக்கில் துகள்களால் மங்கித் தெரிகிறது. மங்காத பதிவு மங்கிய பதிவைக் கணிக்க உதவுகிறது. எறும்பும் மழையும் போல இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று நிற்கிறது என்பதைச் சோதனையின் குறையாகக் கருதாமல், அந்த மூன்றாவதைத் தேடும் கருவியாகவே அதைப் பயன்படுத்தினார்கள். அந்தத் திறமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

இதுவும் கேள்விக்கு உட்படாமல் போகவில்லை. இத்தாலியின் உம்பெர்ட்டோ ட்ரியாக்கா 2001-இல், இந்த முடிவிலிருந்து மட்டுமே மனிதச் செயல்தான் காரணம் என்று தாண்டிவிட முடியாது என்று எழுதினார். தர்க்கப்படி அது சரியான கண்டிப்பு. அதே ட்ரியாக்கா, அலெஸ்ஸாண்ட்ரோ அட்டனாசியோ, அன்டோனெல்லோ பசீனி ஆகியோருடன் சேர்ந்து 2012-இல் இன்னும் கடுமையான சோதனை ஒன்றைச் செய்தார். சமன்பாட்டைத் தயாரிக்கப் பயன்படுத்திய ஆண்டுகளை விட்டுவிட்டு, அது பார்த்திராத ஆண்டுகளின் வெப்பநிலையை அதைக் கொண்டே கணிக்கச் செய்து, அதில் பிழை குறைகிறதா என்று பார்ப்பது அந்த முறை. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பசுங்குடில் வாயுக்கள் கணிப்பைத் தெளிவாக மேம்படுத்தின. சூரியன், எரிமலை போன்ற இயற்கைக் காரணிகளால் அந்த மேம்பாடு கிடைக்கவில்லை. குறை சொன்னவரே குறையைக் களைய முன்வந்தது குறிப்பிடத்தக்கது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2012-இல் மைக்கேல் பீன்ஸ்டாக்கும் இஸ்ரேலைச் சேர்ந்த அவருடைய இணை ஆய்வாளர்களும், எத்தனை முறை வித்தியாசம் எடுத்தால் ஒரு தொடர் நிலைத்ததாகும் என்ற கணக்கில் வாயுக்களின் தொடர் ஒரு வகை, வெப்பநிலைத் தொடர் இன்னொரு வகை, எனவே இரண்டும் நீண்டகாலத்தில் இணைந்து செல்ல முடியாது என்று வாதிட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ஃபெலிக்ஸ் பிரீட்டிஸும் டேவிட் ஹென்ட்ரியும் 2013-இல் அதற்கு மறுமொழி எழுதினார்கள். பனிக்கட்டியிலிருந்து எடுத்த பழைய அளவுகளையும் காற்றிலிருந்து நேரடியாக எடுத்த புதிய அளவுகளையும் ஒட்டிய ஒரே தொடரை, ஒட்டு இருப்பதையே கவனிக்காமல் சோதித்தால், தொடரின் வகை பற்றிய முடிவே பிறழ்ந்துவிடும் என்பது அவர்கள் காட்டிய முக்கியமான குறை. தரவு எந்தக் கருவியிலிருந்து எப்போது வந்தது என்று கேட்காமல் எந்தச் சோதனையையும் தொடங்கக் கூடாது.

இன்னொரு செய்தி. காற்றில் கரியமில வாயுவை 1958 முதல் இடைவிடாமல் அளக்கத் தொடங்கிய சார்லஸ் டேவிட் கீலிங் பணியாற்றிய ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம், கிரேஞ்சர் 1974 முதல் பேராசிரியராக இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்தது. தரவும் சோதனையும் ஒரே வளாகத்தில் பல ஆண்டுகள் அண்டைவீட்டாராக இருந்தன.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்): அண்டார்டிகாவின் பனிக்கட்டிப் பதிவில் வெப்பநிலை முதலில் ஏறி, 800 ஆண்டுகள் கழித்தே கரியமில வாயு ஏறியது என்று படித்தேன். பின்னால் வருவது முன்னால் வந்ததற்கு எப்படிக் காரணமாக முடியும்?

பதில்: ஐயா படித்தது உண்மையான ஆய்வைப் பற்றியது. அண்டார்டிகாவின் வோஸ்டாக் நிலையத்தில் தோண்டியெடுத்த பனிக்கட்டியை ஆராய்ந்து நிக்கோலா கயோனும் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட அந்த 800 ஆண்டுக் கணக்கு, சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு பனியுகத்துக்கு உரியது. பூமியின் சுற்றுப்பாதையும் சாய்வும் மாறியதால் வெயிலின் பங்கீடு மாறி, பனி உருகத் தொடங்கியது. சூடான தென்கடல் தன்னுள் கரைந்திருந்த கரியமில வாயுவை வெளியிட்டது. வெளிவந்த வாயு பூமியை மேலும் சூடாக்கியது. பனியுகம் முடிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. வாயு பின்தங்கியது தொடக்கத்தில் மட்டுமே. மேலும் அது அண்டார்டிகாவின் வெப்பநிலை மட்டுமே. 2012-இல் ஜெரமி ஷகுனும் குழுவினரும் உலகின் பல இடங்களிலிருந்து 80 பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கடைசிப் பனியுகத்தின் முடிவில் உலகச் சராசரி வெப்பநிலை பெரும்பாலும் கரியமில வாயுவுக்குப் பின்னால்தான் வந்தது என்று கண்டார்கள்.

வெப்பம் வாயுவைக் கூட்டும், வாயு வெப்பத்தைக் கூட்டும். இரண்டு திசைகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அடோல்ஃப் ஸ்டிப்ஸும் குழுவினரும் 2016-இல் வேறொரு முறையில் தகவல் எந்தப் பக்கம் பாய்கிறது என்று அளந்தபோது, பனியுகக் கால அளவில் வெப்பநிலையிலிருந்து வாயுவுக்கும், கடந்த சுமார் 150 ஆண்டுகளில் வாயுவிலிருந்து வெப்பநிலைக்கும் பாய்கிறது என்ற விடை கிடைத்தது. இன்று முதலில் தள்ளியது சுற்றுப்பாதை அன்று, நிலக்கரியும் எண்ணெயும்.

கேள்வி (முன்னே எழுதிய வங்கி அலுவலரே): கூடியிருக்கும் வாயு நம்முடையது என்பதற்கு மட்டும் சோதனை எதுவும் வேண்டாமா? கடல் சூடாகி வெளிவிட்டதாக இருக்கக் கூடாதா?

பதில்: வங்கியில் இருந்தவருக்கு இதைச் சொல்வது எளிது, ஏனெனில் இது வெறும் வரவு செலவுக் கணக்கு. 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டுகளில் மனிதர்கள் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 4,000 கோடி டன் கரியமில வாயுவை வெளியிட்டார்கள், காடழிப்பையும் சேர்த்து. காற்றில் கூடியது ஆண்டுக்குச் சுமார் 1,900 கோடி டன் மட்டுமே. ஒரு கணக்கில் மாதந்தோறும் நான் 4,000 ரூபாய் போடுகிறேன், இருப்பு 1,900 ரூபாய் மட்டும் கூடுகிறது என்றால், அந்தக் கணக்கை இயக்கும் மற்றவர்கள் போட்டதைவிட எடுத்ததே அதிகம் என்பதற்கு எந்தப் புள்ளியியலும் தேவையில்லை. கடலும் நிலமும் ஒட்டுமொத்தமாக வாங்கிக்கொண்டிருக்கின்றன, கொடுக்கவில்லை. கடல்நீர் அமிலத்தன்மை பக்கம் நகர்ந்து வருவதும், நிலக்கரியிலும் எண்ணெயிலும் குறைவாக உள்ள கார்பன்-13 என்ற சற்றே கனமான கார்பன் வகையின் (ஐசோடோப்பு) பங்கு காற்றில் குறைந்து வருவதும், எரிதலுக்குச் செலவாகும் ஆக்சிஜன் சிறிது சிறிதாகக் குறைந்து வருவதும் அதே கணக்கின் வேறு பக்கங்கள்.

கேள்வி (சேலம் வாசகி): 2020-இல் ஊரடங்கால் உலகமே நின்றுபோனது. கரியமில வாயு ஏன் குறையவில்லை?

பதில்: எரிபொருள் உமிழ்வு அந்த ஆண்டு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்தது. வரத்து இருபதில் ஒரு பங்கு குறைந்தால் ஏரி வற்றுவதில்லை, சற்று மெதுவாக நிரம்புகிறது. அந்தச் சிறு வேறுபாடும் எல் நினோ, அதற்கு எதிரான குளிர்நிலையான லா நினா ஆகியவற்றின் அலைவுக்குள் மறைந்துவிடக்கூடிய அளவுதான்.

கேள்வி (மதுரை மாணவியின் இரண்டாவது கேள்வி): எறும்புக்கும் மழைக்கும் பின்னால் ஈரப்பதம் இருந்ததுபோல, வாயுவுக்கும் வெப்பத்துக்கும் பின்னால் சூரியன் இருக்கிறதா என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: அது நியாயமான கேள்வி, மரியாதையோடு பதில் சொல்லுங்கள். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை நேரடியாக அளந்து வருகின்றன. 11 ஆண்டுச் சுழற்சி தெரிகிறது, ஏறுமுகப் போக்கு தெரியவில்லை. அதோடு, சூரியன் பிரகாசமாகியிருந்தால் காற்றுமண்டலம் அடியிலிருந்து உச்சிவரை சூடாகியிருக்க வேண்டும். கரியமில வாயு காரணமென்றால் கீழ்ப்பகுதி சூடாகி, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிர வேண்டும் என்று 1967-இலேயே சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணக்கிட்டு எழுதிவிட்டார்கள், அதை அளந்து பார்க்கும் வசதி வருவதற்கு முன்பே. பிறகு அளந்தபோது அடுக்கு மண்டலம் குளிர்ந்துகொண்டிருந்தது. அதன் கீழ்ப்பகுதிக் குளிர்ச்சியில் ஓசோன் இழப்புக்கும் பங்குண்டு, மேற்பகுதியில் கரியமில வாயுவே முதன்மையான காரணம். நேரமிருந்தால் இன்னொன்றையும் காட்டுங்கள். 1970-இல் ஒரு செயற்கைக்கோளும் 1997-இல் இன்னொரு செயற்கைக்கோளும் பூமியிலிருந்து விண்வெளிக்குத் தப்பிச் செல்லும் வெப்பக் கதிர்களை அலைநீளம் வாரியாகப் பதிவு செய்தன. ஜான் ஹாரிஸும் குழுவினரும் 2001-இல் இரண்டையும் ஒப்பிட்டபோது, கரியமில வாயுவும் மீத்தேனும் உறிஞ்சும் அலைநீளங்களில் வெளியேறும் கதிர் முன்பைவிடக் குறைந்திருந்தது.